மச்சக்காரியின் கோடுகள்

அக்காவோடு நான் பேசி ஆறு வருஷம் ஆகிறது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வெள்ளி நாணயத்தின் மேல், தலைமுடியைவிட மெல்லிசாக இருந்த சில கோடுகள். அந்த நாணயம் இன்று காலை பத்தேகால் மணிக்கு, எண் போட்ட உறைக்குள் உட்கார்ந்துகொண்டு என் மேசைக்கே வந்து சேர்ந்தது.

என் வேலை அப்படி. பழைய நாணயங்களைச் சேர்க்கிறவர்கள் எங்களிடம் அனுப்புவார்கள். அசலா, போலியா, யாராவது துடைத்துக் கெடுத்திருக்கிறார்களா என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். துடைத்தால் எப்படிக் கெடும் என்று புதிதாகக் கேட்கிறவர்கள் முழிப்பார்கள். பாத்திரம் துலக்குகிற மாதிரி துலக்கினால் நாணயம் பளிச்சென்றுதான் ஆகும். ஆனால் மேல்தோல் போய்விடும். சேர்க்கிறவர்களுக்கு அந்தத் தோல்தான் வேண்டும். துணியோ பல்பொடியோ பட்ட இடத்தில் சன்னமாகக் கீறல் விழும். வெறும் கண்ணுக்குத் தப்பினாலும் பூதக்கண்ணாடிக்குத் தப்பாது. அந்தக் கீறலைத் தேடுவதற்குத்தான் பன்னிரண்டு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். அலுவலகத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'சந்தேகம்'. "சந்தேகம் மேடம் வந்தாச்சா?" என்று என் காதுபடவே கேட்பார்கள். நானும் "வந்தாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

உறையைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. யாரோ ஒரு ராணியின் தலை. கன்னத்தில், உதட்டுக்குச் சற்று மேலே, கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. வெள்ளியில் எப்படியோ ஏறிவிட்ட கறை அது. அப்பா அதைக் கறை என்று சொல்ல விடமாட்டார். அவருக்கு அது மச்சம், நாணயம் மச்சக்காரி. "என் மச்சக்காரி இருக்கிற வரைக்கும் எனக்கு ஒரு குறையும் வராது" என்பார். வந்த குறைகளை எல்லாம் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

நான் பூதக்கண்ணாடியைக் கையிலேயே எடுக்கவில்லை. துண்டுச் சீட்டில் 'துடைத்தது' என்று எழுதி, மடித்து, பெட்டிக்குள் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் என் கை ஓடாமல் போனது. அடுத்த உறையைத் திறந்தேன், மூடினேன். எழுந்துபோய்க் கை கழுவினேன். தண்ணீர் குடித்தேன். குடித்த தம்ளரைக் கழுவினேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி இருந்தது. காலுக்கடியில் காகிதத்தை மடித்து வைத்தேன். அப்போதும் சாய்ந்தது.

ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பகலைச் சொல்லிவிடுகிறேன். அப்பா போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. கடைசி மூன்று வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டது அக்காதான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் வாங்கிக்கொண்டு போய், நலம் விசாரித்துவிட்டு வருகிற ரகம். அக்காவுக்குச் சுத்தப் பைத்தியம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, சோப்பையே கழுவி வைக்கிறவள் அவள். துடைப்பத்துக்குத் தனி ஆணி, அந்த ஆணியைத் துடைக்கத் தனித் துணி. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுகூட அந்த வீட்டில் மருந்து வாசனை வந்ததில்லை.

அப்பாவின் சாமான்களைப் பிரிக்க உட்கார்ந்தோம். சாப்பாட்டு மேசையில் ஜன்னலுக்கு முதுகு காட்டியபடி இருக்கும் நாற்காலி அப்பாவுடையது. செய்தித்தாளுக்கு வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும் அவருக்கு. நான் போய் நேராக அதில் உட்கார்ந்தேன். அக்கா நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மச்சக்காரியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். அரை நிமிஷம் இருக்குமா? அவ்வளவுதான் பார்த்தேன். ராணியின் முகத்துக்கு முன்னால் வெறுமையாக இருக்கும் இடத்தில் சாய்வாகக் கோடு, கோடாக.

"துடைச்சிருக்கே" என்றேன்.

"யாரு?"

"இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?"

"நான் அதைத் தொடவே இல்லடி. அலமாரியிலிருந்து இப்பதான் எடுத்துட்டு வரேன்."

"கோடு இருக்குக்கா. கோடு பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றேனா?"

நான் பதில் சொல்லவில்லை. அதைவிடக் கேவலமான பதில் உலகத்தில் கிடையாது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தொழில் கர்வம் விடவில்லை. அக்கா எழுந்து போய், துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள். மச்சக்காரியைத் துடைத்த நாணயம் என்று சொல்லியே ஒரு கடையில் தள்ளிவிட்டோம். அதற்கப்புறம் அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவளிடமிருந்து செல்போனில் ஒரு செய்தி வந்தது. 'நான்தான் துடைச்சேன். பல்பொடி போட்டு. அப்பா கண்ணுக்குப் பளிச்சுன்னு இருக்கட்டும்னு நினைச்சேன். மனசுல வச்சுக்காதே.' படித்ததும் எனக்கு வந்தது இரக்கம் இல்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம்தான் வந்தது. வீட்டுக்காரரிடம் நீட்டினேன்: "பார்த்தீங்களா? என் கண்ணு தப்பாது." அவர் படித்துவிட்டு, "சரி, பதில் போடு" என்றார். "போடலாம்" என்றேன். நாலு வருஷமாகப் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஆக, நாணயம் துடைத்தது. துடைத்தவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். இதில் பார்க்க என்ன இருக்கிறது? பார்க்காமலே எழுதினால்தான் என்ன? பதினொன்றரை வரை இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், வீட்டு நாணயம் வந்தால் நாங்கள் பார்க்கவே கூடாது. மேலாளரிடம் சொல்லி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதையும் செய்யவில்லை. எழுந்து நடைபாதை முழுக்க நாலு தரம் நடந்தேன். வாசல் காவலாளி, "என்ன மேடம், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்றார்.

எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு நாணயத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்போம். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு சீட்டும் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சேர்ந்து பார்க்க வேண்டும். என்னோடு பார்க்கிறவரை ஒற்றைக்கண்ணர் என்போம். இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது. பூதக்கண்ணாடி பிடித்துப் பிடித்து, செய்தித்தாள் படிக்கும்போதும் டீ குடிக்கும்போதும்கூட இடது கண்ணை மூடிக்கொள்வார். அவர் மனைவிக்கு அது கண்ணடிப்பதாகவே முதல் ஒரு வருஷம் தோன்றியதாம்.

பன்னிரண்டு மணிக்கு அவர் என் மேசைக்கு வந்து நின்றார். கையில் இரண்டு சீட்டு.

"சந்தேகம், நமக்குள்ள தகராறு" என்றார்.

என் சீட்டில் 'துடைத்தது.' அவர் சீட்டில் 'துடைக்கவில்லை. அச்சுக் கோடு.'

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அச்சுக் கோடாவது ஒண்ணாவது. பல்பொடி போட்டுத் துடைச்சது அது."

"பல்பொடின்னு எப்படித் தெரியும்?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விளக்கைத் தட்டினார்.

"பல்பொடின்னா எழுத்து இடுக்குல வெள்ளையா நிக்கணும். எங்க நிக்குது, காட்டுங்க."

கண்ணாடியை எடுத்தேன். காலையிலிருந்து முதல் தடவையாக. எழுத்துகளின் இடுக்கில் பழைய அழுக்கு இருந்தது, கறுப்பாக, வருஷக்கணக்காகப் படிந்தது. வெள்ளை இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை.

"கழுவியிருப்பாங்க" என்றேன்.

"பல்பொடி போகிற மாதிரி கழுவி, அழுக்கு மட்டும் போகாத மாதிரியா?"

அவர் ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்து, நாணயத்தில் படாமல், மேலே காற்றில் கோடு கோடாகக் காட்டினார். "இந்தக் கோடு இப்படி வருது. எழுத்தோட காலுக்கு வந்ததும் நின்னுடுது. எழுத்து மேல ஏறலை. துணியில தேய்ச்சிருந்தா ஏறி இறங்கியிருக்கும். துணிக்கு என்ன தெரியும், இது எழுத்து, இது வெறும் இடம்னு?"

உண்மைதான். துணிக்குத் தெரியாது. ஆனால் அச்சைத் தேய்க்கிற ஆளின் கருவிக்கு வேறு வழியே இல்லை. நாணயம் அடிக்கிற உருக்கு அச்சில் எழுத்து குழிந்திருக்கும். அதன் மட்டமான இடத்தை அந்தக் காலத்துப் பட்டறையில் ஒருவன் தேய்த்து வழவழப்பாக்குவான். அவன் கருவி அச்சில் போட்ட கீறல், அடித்த நாணயத்தில் மேடாக எழும்பும். குழிக்குள் அவன் கை போகாது, அதனால் எழுத்தின் மேல் கோடு இருக்காது. துடைத்த கோடு பள்ளம். அச்சுக் கோடு மேடு. இதை நான் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிறேன்.

"பள்ளமாத்தான் இருந்துச்சு. நான் பார்த்தேன்" என்றேன். குரல் எனக்கே அடம்பிடிக்கிற குழந்தையின் குரலாகக் கேட்டது.

"எப்ப பார்த்தீங்க?"

மறுபடியும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் இடது கண்ணைத் திறந்து என்னை இரண்டு கண்ணாலும் பார்த்தார். அது அபூர்வம். பிறகு திருகைக் கழற்றி, விளக்கைத் தூக்கி என் பக்கம், என் நெஞ்சுக்கு நேராக வைத்தார். "இப்ப பாருங்க."

பார்த்தேன். கோடுகள் எல்லாம் பள்ளம். கத்தியால் கீறின மாதிரி சுத்தமான பள்ளம். 'பார்த்தீங்களா' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் விளக்கை மறுபடியும் அந்தப் பக்கம், எப்போதும் இருக்கிற இடத்தில், எனக்கு எதிரே வைத்தார். அதே கோடுகள் எழும்பி மேடாக நின்றன. நாணயம் அசையவே இல்லை. வெளிச்சம் எதிரிலிருந்து வருகிறது என்று நினைத்தே பழகிவிட்ட கண் இது. நம் பக்கத்திலிருந்து வந்தால் மேட்டைப் பள்ளம் என்று சொல்லிவிடும். இதுவும் எனக்குத் தெரிந்த பாடம்தான். அதனால்தான் எங்கள் மேசைகளில் விளக்கை ஒரே இடத்தில் திருகி வைத்திருப்பார்கள். கையால் நாணயத்தைச் சற்றுச் சாய்த்தேன். வெளிச்சம் ராணியைச் சுற்றிச் சக்கரமாக ஓடியது. துடைத்த நாணயத்தில் அது ஓடாது, செத்துக் கிடக்கும்.

ஜன்னலுக்கு முதுகு காட்டிய நாற்காலி. என் தோளுக்குப் பின்னாலிருந்து வந்த பகல் வெளிச்சம். அரை நிமிஷம். அக்கா நாற்காலியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. நாற்காலி மட்டும் தப்பு செய்திருந்தால் பரவாயில்லை. எழுத்தின் காலை நான் ஏன் பார்க்கவில்லை? ஏன் ஒரு தடவை சாய்த்துப் பார்க்கவில்லை? கோட்டைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவள் கையைப் பார்த்து முடிவு கட்டிவிட்டேன். சோப்பைக் கழுவுகிறவள் நாணயத்தை விடுவாளா என்று.

"இது எங்க அப்பாவோட நாணயம்" என்றேன்.

ஒற்றைக்கண்ணர் குச்சியைக் கீழே வைத்தார். "மேலாளர்கிட்ட சொல்லிடுங்க" என்றார் மெதுவாக.

சொன்னேன். மேலாளர் முகத்தைச் சுளித்தார். "காலையிலேயே சொல்லியிருந்தா உங்களைத் தொடவே விட்டிருக்க மாட்டேனே. நாணயம் பார்க்கிற இடத்துல நாமளே நாணயம் இல்லாம நடந்தா எப்படி?" வேறு நேரமாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இன்று தலையாட்டினேன். முதல் சீட்டைக் கிழிக்க எங்கள் விதி அனுமதிக்காது. அதன் கீழேயே எழுத வேண்டும். 'என் பார்வை தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் நான் எழுதாத வாக்கியம். நான் பார்த்ததைத் தள்ளிவிட்டு, மச்சக்காரியை இன்னொருவர் பார்க்கக் கொடுத்தார்கள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் உட்கார முடியவில்லை. காலி இருக்கை இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே வந்தது. துடைக்காதவள் ஏன் துடைத்தேன் என்று எழுதினாள்? பல்பொடி வரைக்கும் எதற்கு? என்னைக் கிண்டல் செய்தாளா? போனில் கேட்டுவிடலாம் என்று எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். கையில் ஆதாரம் எதுவும் இல்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது. அடுத்தவர் நாணயத்தைப் படம் பிடித்து எடுத்துவர எங்களுக்கு அனுமதி கிடையாது. அவள் என் வாய் வார்த்தையைத்தான் நம்ப வேண்டும். அன்று அவளிடமும் அது மட்டும்தான் இருந்தது.

கதவைத் திறந்த அக்காவுக்குத் தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. கையில் ஈரத்துணி. ஆறு வருஷம் கழித்து வந்து நிற்கிறேன், அவள் என் காலைப் பார்த்தாள்.

"செருப்பை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விடு" என்றாள். அப்புறம், "சாப்பிட்டியா?" என்றாள்.

"சாப்பிட்டேன்." சாப்பிடவில்லை.

மேசை அதே இடத்தில் இருந்தது. அப்பாவின் நாற்காலியும். நான் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடித்தது. அக்கா கொஞ்சம் தயங்கிவிட்டு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான் என்று நினைத்தேன்.

"மச்சக்காரி இன்னைக்கு என் மேசைக்கு வந்துச்சுக்கா."

அவள் துணியை மடித்தாள்.

"அது துடைச்சது இல்லை. நான் தப்பாப் பார்த்துட்டேன்."

மடித்த துணியைப் பிரித்து, மறுபடியும் மடித்தாள். திட்டுவாள் என்று தயாராக வந்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. என்னாலும் அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை.

"துடைச்சேன்னு எதுக்கு எழுதின?"

"நீ வருவேன்னு பார்த்தேன்."

எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, நிதானமாகச் சொன்னாள். "ரெண்டு வருஷம் கோபமா இருந்தேன். அப்புறம் கோபம் போயிடுச்சு, நீ வரல. யாராவது துடைச்சிருந்தாத்தானே உனக்கு ஆகும்? சரி, நானே துடைச்சதா இருந்துட்டுப் போகட்டும், அதுக்காக ஒரே தங்கச்சியை விட்டுட முடியுமான்னு எழுதிட்டேன்."

"பல்பொடின்னு வேற எழுதியிருந்தியே."

"சும்மா துடைச்சேன்னு எழுதினா நீ நம்புவியா? எதைப் போட்டுத் துடைச்சேன்னு கேட்பே."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவளுக்கும். ஆனால் அவள் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள்.

"பதிலே வரல" என்றாள்.

'பார்த்தீங்களா' என்று போனை நீட்டிய என் கையை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டேன். மன்னிப்பு என்கிற வார்த்தை வாயில் வந்து, சின்னதாகிப் போய், உள்ளேயே நின்றது.

"அது போகட்டும்" என்றாள். "எழுதின பிறகு வேற ஒண்ணு ஆச்சு. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அப்பா படுத்திருந்த கடைசி மாசம் எனக்குத் தூக்கமே கிடையாது. எதைத் துடைச்சேன், எதை வச்சேன்னு ஒண்ணும் ஞாபகம் இல்லை. அந்த அலமாரியைத் திறந்தேனோ, அதைக் கையில எடுத்தேனோ. நீ இவ்வளவு படிச்சவ, இத்தனை பார்த்தவ, உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு தோண ஆரம்பிச்சது. அப்பாகிட்ட இருந்த ஒரே நல்ல சாமான். அதையும் நான் பாழ் பண்ணிட்டேன்னு…"



"நீ துடைக்கலக்கா."

"நிச்சயமா?"

"நிச்சயமா. கோடெல்லாம் எழுத்துக்கிட்ட வந்து நின்னுடுது. அது அச்சுலேயே இருந்த கோடு. நான் உட்கார்ந்த பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்ததால மேடு எல்லாம் பள்ளமா…"

"அதெல்லாம் எனக்கு எதுக்கு? முன்னாடி சொன்னியே, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லு."

"நீ துடைக்கல."

அக்கா துணியைக் கீழே வைத்தாள். வலது கையை மேசைமேல் விரித்து வைத்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கையை எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா" என்றாள்.